காணாமல் போன எட்டுக் கால்கள்

"ஏண்டி கோமளம், உங்காத்து வாசல்ல ரோடு போடறாளா என்ன?"

கொலுவுக்கு வந்த மயிலாப்பூர் மாமி ஒருத்தி கூடத்தில் கால் வைத்ததும் வைக்காததுமாக இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள். கதம்பமும் சாம்பிராணியும் மணக்க வேண்டிய கூடத்தில் புதுத் தார் நாற்றம் அடித்தது.

"கொல்லையில மேடை வேலை நடக்கறது மாமி. தார் காய்ச்சறா" என்றேன்.

வாய் தானாகச் சொன்ன பதில் அது. மாமி திருப்தியாகி, குங்குமம் இட்டுக்கொண்டு, ஒரு பாட்டும் பாடி, சுண்டலை வாங்கிக்கொண்டு ஜட்கா ஏறினாள். நான் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன். மேடை வேலை நின்று நாலு நாளாயிற்று, தார்ச்சட்டி கவிழ்ந்து கிடக்கிறது, பிறகு நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற புத்தி அன்று எனக்கு இல்லை. பத்தொன்பது வயது. இருந்த புத்தியெல்லாம் பொம்மைகளின் மேல் இருந்தது.

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் கதையில் நீங்கள் எப்போதும் நல்லவராகவே வருகிறீர்களே, அது எப்படி?" என்று ஒரு வாசகர் கடுதாசி போட்டிருக்கிறார். நியாயமான குத்தல். அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஒன்பது படி ஆசை

கல்யாணமாகி வருகிற முதல் நவராத்திரிக்குத் தலைக்கொலு என்று பெயர். பிறந்தகத்தில் பொம்மை வாங்கித் தருவார்கள். புக்ககத்தில் அதை வைத்துக் காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் பொம்மையைப் பார்ப்பதுபோல் பெண்ணை எடை போடுவார்கள்.

"மயிலாப்பூர்ப் பொண்ணு. கொலு வெக்கச் சொல்லித் தரணுமா என்ன?" என்றாள் என் மாமியார். பாராட்டா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. அவள் பேச்சில் பாதி எனக்குக் கடைசி வரை புரிந்ததில்லை.

என் அகத்துக்காரர் அப்போது பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே அடையாற்றங்கரையில் இருந்த அந்தப் பெரிய பங்களாவில் நானும் மாமனார் மாமியாரும்தான். அந்த வீட்டில் வழக்கமாக ஐந்து படி வைப்பார்கள். நான் வீறாப்பாக, "ஒன்பது வெச்சுடறேன் அம்மா" என்று சொல்லிவிட்டேன். எங்களிடம் இருந்த பலகையோ ஏழோ எட்டோ. உயரம் கொடுக்கத் தகரப் பெட்டி இரண்டு உண்டு. அவ்வளவுதான்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் பொம்மைகளை எடுத்துவர மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது தோட்டக்காரன் முனுசாமியைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கூடத்துல ஒன்பது படி கட்டி வெச்சுடு. எதையாவது வெச்சு உசத்து" என்றேன்.

"எதை வெக்கிறதும்மா?"

"எதையாவது வையேன். கொல்லையில எவ்வளவோ கெடக்கே."

இதை நான் சொன்னேன். வண்டியில் ஏறிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னேன்.

அமாவாசை சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது ஒன்பது படியும் தயாராக இருந்தது. மாமியார் தானே வெள்ளை வேஷ்டிகளை விரித்து, மேல்படிக்கு மட்டும் அரக்குப் பட்டு சுற்றி, எல்லாவற்றையும் தரை வரை மூடி வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி அசையாமல் நின்றது. முனுசாமிக்கு மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். நேரில் சொல்ல அவன் இல்லை. தகப்பனார் தவறிவிட்டார் என்று சேதி வந்து, அவனும் ஒத்தாசைக்கு வந்திருந்த அவன் தம்பியும் மத்தியானமே ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

துரை விட்டுப்போன மேடை

மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பங்களாவை மாமனார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியிருந்தார். சீமைக்குத் திரும்பிய துரை, கொல்லைப்பக்கம் ஆற்றுக்குள் நீட்டினாற்போல ஒரு மரமேடையை விட்டுப் போயிருந்தான். படகில் ஏறுவதற்காகக் கட்டியது. எங்களிடம் படகு கிடையாது. மாமனார் அதில் சாய்வு நாற்காலி போட்டு, சாயங்காலம் பேப்பர் படிப்பார்.

மாமனார் பென்ஷன் வாங்கிய முன்சீப். கோர்ட்டை விட்டு வந்தாரே தவிர, கோர்ட்டு அவரை விடவில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்றால்கூட, "யார் போட்டது? பார்த்தது யார்?" என்று கேட்பார். நான் அவரோடு நேராகப் பேசியதில்லை. அந்தக் காலத்தில் நாட்டுப்பெண் மாமனாரோடு பேசுகிற வழக்கம் எங்களவர்களில் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுக்குச் சொல்லுவேன். "காபி ஆறிடறது" என்று கதவிடம் சொன்னால், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் வருவார்.

ஒருநாள் அவர் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலி மெல்ல ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கனி பாய் வந்தார். மரவேலையில் கை தேர்ந்தவர். தண்ணீர் வடிந்திருந்த நேரம் பார்த்து மேடைக்கு அடியில் குனிந்து போய், பன்னிரண்டு கால்களையும் சுத்தியலால் தட்டினார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டேன். நல்ல காலில் 'டங்'கென்று சத்தம் வந்தது. கெட்ட காலில் நமுத்த அப்பளத்தைத் தட்டினாற்போல ஒரு சத்தமும் இல்லை.

"நாலு தேறும் சாமி. எட்டு பூட்ச்சு. உப்புத் தண்ணி, உள்ள புழு துளைச்சிருக்கு. மேல பாத்தா ராசா மாதிரி நிக்குது, உள்ள ஒண்ணும் இல்ல."

கால் மாற்றுகிற வேலை வேடிக்கையானது. பழைய காலுக்குப் பக்கத்தில் சவுக்கு முட்டுக் கொடுப்பார்கள். ஆப்பு அடித்து மேடையை ஒரு நூல் உயர்த்துவார்கள். பழைய கால் பிடி விட்டதும் அதை உருவி, சேற்றைத் தோண்டி, கருங்கல் இறக்கி, அதன்மேல் புதுக் காலை நிறுத்துவார்கள். பிறகு ஆப்பைத் தட்டி எடுத்தால் மேடை புதுக் காலின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தளவு தண்ணீரில் நின்று சேறு தோண்டுவதற்கென்று ஏகாம்பரம் என்று ஒருவன் வந்தான். ஆற்றோரக் குடிசைகளில் இருப்பவன், முப்பது வயதிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் போனால், நமக்கு இங்கே மூச்சு முட்டும். அவன் பெண்சாதி செங்கேணி, இடுப்பில் குழந்தையோடு அவனுக்குக் கஞ்சி கொண்டுவருவாள்.

பாய் எட்டுப் புதுக் கால்களை வண்டியில் கொண்டுவந்து, நாலு பக்கமும் இழைத்து, சேற்றில் நிற்கப்போகிற முனைக்குத் தார் பூசிக் கொல்லையில் காய வைத்தார். பழைய கால்களில் நாலை உருவியாயிற்று. மேடை சவுக்கு முட்டுகளின்மேல் நொண்டிக்கொண்டு நின்றது. மறுநாள் அமாவாசை. அமாவாசையன்று ஆசாரிகள் உளி எடுக்கமாட்டார்கள். அவர்களோடு வேலை செய்து பழகிய பாயும் எடுக்கமாட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

இனி வாசகர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

எட்டையும் காணோம்

பிரதமையன்று காலையில் நான் முதல்படியில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி பருப்புப் பரப்பிக்கொண்டிருந்தேன். கொல்லையில் ஒரே கூச்சல்.

"எட்டு கட்ட சாமி! எட்டும் காணோம்! ஒண்ணு ஒண்ணும் ஆள் ஒசரம் தாண்டும். காத்தா தூக்கினு போச்சு?" பாயின் குரல் அது.

மாமனார் அங்கேயே கோர்ட்டை ஆரம்பித்துவிட்டார். சமையல் உள் கதவிடுக்கில் நின்று கேட்டேன். அமாவாசையன்று கொல்லைக்கு யார் வந்தார்கள் என்று கேட்டார். ஏகாம்பரம் தானாகவே, "நான் வந்தேன் சாமி" என்றான்.

"வேலையில்லாத நாள்ல நோக்கு இங்க என்ன காரியம்?"

"தண்ணி ஏறிகினு இருந்திச்சு. முட்டு நிக்குதா, சாஞ்சிதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பார்த்த அப்போ கட்டை இருந்துதா?"

ஏகாம்பரம் மேடைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஞாபகம் இல்ல சாமி. நான் முட்டத்தான் பாத்தேன்" என்றான்.

அந்தப் பதில்தான் அவனை மாட்டிவைத்தது. பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் "இருந்துது" என்று சொல்லித் தப்பியிருப்பான். மாமனாருக்கோ வழக்கு தெளிவாகிவிட்டது. கட்டையைத் தண்ணீரில் தள்ளினால் மிதந்து போகும், கீழே குடிசைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் வேலை செய்கிறவன் இவன் ஒருத்தன்தான்.

"சரஸ்வதி பூஜைக்குள்ள எட்டும் இங்க வரணும். இல்லேன்னா போலீஸ்ல சொல்லிடுவேன்" என்றார்.

போலீஸ் என்றால் ஒருவனோடு போகாது. ஆற்றோரத்தில் இருக்கிற அத்தனை குடிசையையும் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

நானும் அவன்தான் எடுத்திருப்பான் என்று நம்பினேன். பாவம் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டே அரிசி பருப்பைப் பரப்பி முடித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செங்கேணி கொல்லைக் கதவில் வந்து நின்றாள்.

"சின்னம்மா, அந்தக் கட்ட இன்னா மாதிரி இருந்திச்சு? நீ பாத்தியா?"

"நான் பார்க்கலேம்மா. நான் கொல்லைப்பக்கமே வரதில்லை."

"எங்க ஊட்டு ஆளுதான் எட்த்திருக்கும் சின்னம்மா. போன வருசம் குடிய வுட்டுச்சு. கொயந்த மேல சத்தியம் பண்ணிச்சு. இப்ப மறுபடி எங்கியாவது குட்ச்சிட்டு, யார்கிட்டயாவது கொட்த்திருக்கும். கேட்டா தெர்லன்றான். இன்னாத்த தெர்ல? எட்டு கட்ட இன்னா கொத்துமல்லிக் கட்டா, எங்க வெச்சேன்னு மறந்து பூட்றதுக்கு?"

"அவன் இல்லேங்கறானோ?"

"இல்லன்னும் சொல்ல மாட்டன்றானே! அதான் வவுறு எரியுது. எங்கம்மா ஊடு கோடம்பாக்கத்துல கீது. போலீஸ் வந்தா நான் கொயந்தய தூக்கினு அங்க போய்டுவேன். திருட்டுப் பையனோட பொண்டாட்டின்ற பேரு எனக்கு வேணாம்."

அவளுக்கு ஒரு இலையில் சுண்டல் கொடுத்தேன். நாலடி தள்ளிக் கூடத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. தார் வாசனைக்குத்தான் போட்டிருந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். மறைக்கிறவளுக்கே பூசணிக்காய் இருப்பது தெரியாது என்றால், அதற்கு எந்தப் பழமொழியும் இல்லை. இத்தனை நாளும் எத்தனையோ பேர் வந்து அந்தக் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாடினார்கள். பார்த்த மாத்திரத்தில் "இது நம்ம கட்டை" என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர், பாயும் ஏகாம்பரமும். அவர்கள் இரண்டு பேரையும் கூடத்துக்குள் யாரும் கொலு பார்க்கக் கூப்பிடவில்லை.

அவன் கொண்டுவந்த கட்டைகள்

சரஸ்வதி பூஜையன்று காலை வானம் மூடிக் கிடந்தது. ஒன்பது மணி இருக்கும். கொல்லையில் மரம் விழுகிற சத்தம் 'தொம் தொம்' என்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏகாம்பரம் தோளிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். எட்டுக் கட்டைகள். மாமனார் சாட்சிக்கென்று பாயையும் வரச் சொல்லியிருந்தார்.

"வந்துடுத்து பார்த்தியா?" என்று மாமனார் திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்ற என் மாமியாரிடம் சொன்னார். "போலீஸ்னு ஒரு வார்த்தை சொன்னேன். எட்டும் நடந்து வந்துடுத்து."

பாய் குனிந்து ஒரு கட்டையைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். அவர் முகத்தில் குழப்பம்.

"சாமி, இது நம்ம கட்ட இல்ல."

"என்ன?"

"பாருங்கோ, இது பழைய சவுக்கு. இது பனை. அடுப்புப் பொக கரி பிடிச்சிருக்கு. கூரக் கயிறு கட்டின தழும்பு இருக்கு. இது குடிசக் காலு." அவர் நிமிர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, உன் ஊட்ட பிரிச்சியா?"

"நாலு என்னோடது. நாலு அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினேன்."

எனக்குப் புரியவில்லை. திருடாதவன் எதற்காகக் கட்டை கொண்டுவர வேண்டும்? திருடினவனாக இருந்தால், கூரையைப் பிரிக்க வேண்டிய அவசியம் என்ன? பாயும் அதையே கேட்டார்.

"சாமி, எட்த்தவன் எட்த்ததக் கொண்டாருவான். இல்லாட்டி ஓடிப் பூடுவான். ஊட்டப் பிரிப்பானா?"

"வித்துத் தொலைச்சிருப்பான். பயத்துல ஈடு கட்டறான். எடுக்கலேன்னா ஈடு எதுக்கு?" என்றார் மாமனார். அவருடைய கோர்ட்டில் அதற்குமேல் கேள்வி கிடையாது.

வேலிக்கு அப்பால் செங்கேணி தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நின்றாள். கோடம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது. புருஷனே கட்டையைக் கொண்டுபோய்ப் போட்ட பிறகு அவளுக்கு வேறு சாட்சி எதற்கு?

பாய்க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "நான் அறுத்தது எப்டி இருக்கும் தெரியுமா சாமி? நாலு பக்கமும் எழைச்சது. ஒரு மொனைக்கு ஒரு முழம் தார் அடிச்சிருக்கேன். அந்த வாசன ஒரு மாசம் போவாது. எங்க வெச்சிருந்தாலும் காட்டிக் கொட்த்துடும்" என்றார்.

அந்த நிமிஷம் நான் கூடத்துச் சாம்பிராணிப் புகையைத் திரும்பிப் பார்த்தேன்.

கூடத்துக்கு ஓடினேன். படிகளின் பக்கவாட்டில் உட்கார்ந்து வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக, கரிய சதுர முனைகள். பளபளவென்று தார். எதையாவது வைத்து உயர்த்து என்று நான் சொன்னேன், முனுசாமி வைத்து உயர்த்திவிட்டுப் போயிருந்தான்.

நான் கதவிடம் பேசவில்லை

மாமியார் பின்னாலேயே வந்து நின்றாள். நான் துணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன்.

"அம்மா, கட்டை இங்க இருக்கும்மா."

அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சத்தம் போடாதே. நாளைக்கு விஜயதசமி. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, மறுநாள் படியைப் பிரிச்சப்புறம் கொல்லையில கொண்டுபோய்ப் போட்டுடலாம். கிடைச்சுடுத்துன்னு நெனைச்சுப்பா."

"அவன் திருடன்னு ஆயிடுமேம்மா."

"ரெண்டு நாள்தானே. நோக்குத் தலைக்கொலுடி."

படிகளுக்குத் துணி விரித்தவள் அவள்தான். அப்போது கட்டையைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? பார்த்தும் இதுதான் அது என்று தோன்றவில்லையா? தோன்றித்தான் ஒன்பது நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாளா? பிற்காலத்தில் ஒரே ஒருமுறை கேட்டேன். "மரம்னா மரம். நேக்கு என்ன தெரியும்?" என்றாள். இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்யதையும் இல்லை. நான் அந்த இரண்டு நாள் யோசனைக்குக் கொஞ்சம் மயங்கினேன். துணியைக் கீழே விட்டு, மடிப்பைச் சரிகூடச் செய்தேன்.

ஆனால் ஜன்னல் வழியே வேலியோரம் அந்த மூட்டை தெரிந்தது. அது நகரத் தொடங்கியிருந்தது.

கொல்லைக்கு நடந்தேன். கதவைத் தாண்டி வெளியே போய், மாமனாருக்கு நேர் எதிரே நின்றேன். அவர் திடுக்கிட்டுப் போனார்.

"அப்பா, அவன் எடுக்கலை. கட்டை கூடத்துல இருக்கு. கொலுப்படிக்கு அடியில. நான்தான் முனுசாமிகிட்ட எதையாவது வைன்னு சொன்னேன்."

அவரோடு நான் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். பாய்தான் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மாமனார் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். "சரி. கிடைச்சுடுத்தோன்னோ. கொலு எடுத்தப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம். ஏகாம்பரம், நீ உன் கட்டையை எடுத்துண்டு போ."

அவ்வளவுதான். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் கட்டையை எடுக்கவில்லை. நம்பாதவன்போல் நின்றான். "எனக்கே சந்தேகமா பூட்ச்சு சாமி" என்றான். "எல்லாரும் நீதான் எட்த்தேன்றாங்கோ. ராத்திரில்லாம் யோசிச்சினு கெடந்தேன். நான்தான் தள்ளிட்டு மறந்துட்டனோன்னு ஆயிடுச்சு. ஆத்துல முழுவி முழுவித் தேடினேன். அப்றம்தான் கூரயப் பிரிச்சேன்."

பிறகு வேலிக்கு அப்பால் திரும்பி நின்ற செங்கேணியைக் கையால் காட்டினான். "அதுக்குக் காட்டணும் சாமி. நான் சொன்னா நம்பாது. கண்ணால பாக்கணும்."

பார்த்த சாட்சி வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவரிடம் இதைக் கேட்டான். மாமனாரால் மறுக்க முடியவில்லை.

பக்கத்து ஜன்னல்

"கூடத்துக்குள்ளயா?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

"உள்ள வேணாம்மா. ஜன்னல்ல காட்டுங்கோ, போதும்" என்றான் ஏகாம்பரம்.

கூடத்தின் பக்கவாட்டு ஜன்னல், படிகளின் முனைக்கு நேரே இருந்தது. வெளியே தாழ்வாரத்தில் செங்கேணி, ஏகாம்பரம், பாய், அவர்களுக்குப் பின்னால் மாமனார். உள்ளே நான். வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

செங்கேணி மூட்டையை இறக்கவில்லை. மூட்டையோடு கம்பியருகே வந்து, விரலை நீட்டி எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." மேலே போகப்போக அவள் குரல் இளகிக்கொண்டு வந்தது. "அஞ்சு. ஆறு. ஏழு."

நின்றாள். திரும்பவும் கீழிருந்து எண்ணினாள்.

"ஏழுதான் கீது."

நான் எண்ணினேன். ஏழு. பாய் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "நான் எட்டு அறுத்தேனே" என்றார்.

"அப்போ எட்டாவது எங்கே?" என்றார் மாமனார். அந்தப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது.

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. யோசித்துக்கொண்டிருந்தான். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேனோ என்று அவன் தன்னையே தேடத் தொடங்கிவிட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. செங்கேணி அவனைவிட்டு ஒரு அடி நகர்ந்து நின்றாள்.

படிகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். வீட்டுப் பலகை எத்தனை? ஏழா, எட்டா? எட்டு என்றே வைத்துக்கொண்டால், ஒன்பதாம் படி எதனால் ஆனது? மேல்படி மற்றவற்றைவிடக் குறுகல். அதை மட்டும் பட்டு சுற்றிக் கட்டியிருந்தது. அதன்மேல் மரப்பாச்சி ஜோடியும் கலசமும்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"கோமளம்! கலசத்தைத் தொடாதே! நாளைக்குத்தான்டி நகர்த்தணும். தலைக்கொலு, நன்னா இருக்கமாட்டே!" மாமியார் அலறினாள்.

அவள் சும்மா சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள், நானும்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பசு செத்தாலும், என் அகத்துக்காரர் பரீட்சையில் தவறினாலும், எனக்கு முதல் குழந்தை தங்காமல் போனபோதும் இந்தக் கலசம்தான் பேச்சில் வந்தது. அழுத நாட்களில் நானே அப்படித்தானோ என்று நினைத்திருக்கிறேன். இப்போதும் இல்லை என்று அடித்துச் சொல்லத் தைரியமில்லை.

முக்காலியில் நின்றபோது இன்னொரு பயமும் இருந்தது. பட்டுக்கு அடியில் வெறும் பலகை இருந்துவிட்டால்? கொலுவும் போய், அவனும் திருடனாகவே நிற்பான்.

மரப்பாச்சிகளை எடுத்து மாமியாரிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தரையில் வைத்தேன். கலசத்தைத் தேங்காயோடு தூக்கினேன். தண்ணீர் தளும்பி முழங்கை வரை வழிந்தது. இடது கையால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் பட்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். அவிழவில்லை. மறுபடி இழுத்தேன். பட்டு கிழிந்துகொண்டு வந்தது.

கரிய முனை. ஒரு முழம் தார்.

"எட்டு" என்றாள் செங்கேணி.

மூட்டையைத் தலையிலிருந்து இறக்கித் தாழ்வாரத்தில் வைத்தாள். குழந்தையை அதன்மேல் உட்கார வைத்தாள். பொம்மைகளையோ என்னையோ அவள் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வாய்யா" என்றாள். "மய வர்றதுக்குள்ள கூரய கட்டணும்."

இரண்டு பேரும் கொல்லைக்குப் போனார்கள். முதல் கட்டையின் ஒரு முனையை அவன் தூக்கினான், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல், முக்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தேன்.